இன், இம், இல், இர்: ஒரே முன்னொட்டில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களைப் பிரித்துப் பொருள் காண ஒரு முழுமையான வழிகாட்டி

பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்புறம் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாலை வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்களிடம் அதற்குப் பொருள் கேட்பது என் வழக்கம். ‘தீப்பிடிக்காதது’ என்று சொல்பவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள். இன்கரெக்ட் என்றால் சரியில்லாதது, இன்விசிபிள் என்றால் கண்ணுக்குத் தெரியாதது, அதனால் ‘இன்’ வந்தாலே ‘இல்லை’ என்பது அவர்கள் போடும் கணக்கு. ஆனால் அந்த லாரியில் எழுதியிருப்பதன் பொருள் ‘சட்டென்று தீப்பற்றக்கூடியது’.

ஐ, என் என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும் லத்தீன் வழிச் சொற்களை, அகராதியைப் புரட்டாமலே பெரும்பாலும் சரியாகப் பொருள்கொள்ளப் பழகுவதற்கான படிகள் கீழே உள்ளன. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், செவிலியர் பயிற்சியில் இருப்பவர்கள், வேலையில் ஆங்கில ஆவணம் படிக்க வேண்டியவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். பொருளில் தொடங்கி ஒட்டுக்கு வருகிறவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். ஒட்டில் தொடங்கிப் பொருளுக்குப் போக வேண்டும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கோடு போடாத ஒரு நோட்டு. ஒவ்வொரு பக்கத்தையும் நான்கு பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் முன்னொட்டு, இரண்டாவதில் எஞ்சிய பகுதி, மூன்றாவதில் எஞ்சியது எந்த வகைச் சொல் என்பது, நான்காவதில் பொருள். பொருளுக்கான பத்தி கடைசியில் இருப்பதற்குக் காரணம் உண்டு. அது முன்னால் இருந்தால் கை அதைத்தான் முதலில் நிரப்பும். நிரப்பிவிட்டால் மற்ற மூன்றையும் அந்த விடைக்கு ஏற்றபடி வளைத்துவிடுவோம்.

சொல்லின் பிறப்பையும் தரும் அகராதி ஒன்று வேண்டும். மெரியம்-வெப்ஸ்டர் இணைய அகராதியில் பெரும்பாலான சொற்களுக்குக் கீழே சொல் வரலாறு என்ற பகுதி இருக்கும், அதுவே போதும். அகராதியைச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள், கண்டுபிடிக்க அல்ல.

நாற்பது சொற்கள் வேண்டும். செய்தித்தாள், மருந்துப் பெட்டி, வங்கிப் படிவம், அலுவலக மின்னஞ்சல் என்று நீங்களே பொறுக்கியெடுங்கள். கைடு புத்தகத்தில் வரும் எதிர்ச்சொல் பட்டியலை எடுக்காதீர்கள். அதில் ‘இல்லை’ என்ற பொருள் தரும் சொற்கள் மட்டுமே இருக்கும், ஒன்றின் பொருள் தெரிந்தால் எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு மயக்கம் வந்துவிடும்.

லத்தீன் இலக்கணம் தெரிய வேண்டியதில்லை.

2. எழுத்து மாற்றத்தை முதலில் பழகிக்கொள்ளுங்கள்

இன், இம், இல், இர் என்று நான்கு முன்னொட்டுகள் இருப்பதாகத்தான் பலரும் மனப்பாடம் செய்கிறார்கள். அடிப்படை வடிவம் ஒன்றே ஒன்று, ‘இன்’. அடுத்து வரும் ஒலிக்கு ஏற்ப அதன் கடைசி எழுத்து மாறுகிறது.

இது நமக்குப் புதிதல்ல. மரம் என்ற சொல்லோடு ‘கள்’ சேரும்போது மரம்கள் என்றா எழுதுகிறோம்? மரங்கள் என்கிறோம். அடுத்து வரும் ககரம், முன்னால் நிற்கும் மகரத்தைத் தன் பக்கம் இழுத்து ங் ஆக்கிவிடுகிறது. பல், நாள் என்ற இரண்டும் சேர்ந்தால் பன்னாள். நாம் புணர்ச்சி என்று படித்ததையே லத்தீனும் செய்கிறது.

ப ஒலியோ ம ஒலியோ அடுத்து வந்தால் இன் என்பது இம் ஆகும்: இம்பாசிபிள், இம்பேலன்ஸ், இம்மெச்சூர். பகரமும் மகரமும் இதழ் இயைந்து பிறப்பவை என்று பள்ளியில் படித்திருப்போம். உதட்டை ஒட்டப்போகிற வாய், முந்தைய ஒலியையும் உதட்டிலேயே பிறக்க வைத்துவிடுகிறது.

லகரம் வந்தால் இல்: இல்லீகல், இல்லாஜிக்கல். ரகரம் வந்தால் இர்: இர்ரெகுலர், இர்ரெலவன்ட். ஜி, என் என்ற இரண்டு எழுத்தும் சேர்ந்து வந்தால் முன்னொட்டின் என் உதிர்ந்து ஐ மட்டும் நிற்கும். இக்னோர், இக்னோபிள் இரண்டும் இப்படி வந்தவை.

மற்ற எல்லா இடங்களிலும் இன் மாறாமல் நிற்கும். இன்கரெக்ட் என்பதை வேகமாகச் சொல்லிப் பாருங்கள், வாயில் ‘இங்’ என்றுதான் வரும். நாம் மரங்கள் என்று அந்த மாற்றத்தை எழுத்திலும் காட்டுகிறோம். ஆங்கிலம் அந்த இடத்தில் மட்டும் எழுத்தை மாற்றாமல் விட்டுவிட்டது.

இந்தப் படியை முதலில் வைத்ததற்குக் காரணம், இது முடியாமல் முன்னொட்டு எங்கே முடிகிறது என்றே தெரியாது. இல்லீகல் என்பதில் வெட்ட வேண்டிய இடம் இரண்டு எல்லுக்கும் நடுவில். அங்கே வெட்டினால்தான் லீகல் என்ற சொல் முழுசாகக் கிடைக்கும்.

3. வேறு குடும்பத்துச் சொற்களை ஒதுக்கி வையுங்கள்

நாற்பது சொற்களில் சில, பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. அவற்றை இப்போதே வேறு பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள்.

‘இன்டர்’ வேறு முன்னொட்டு. இடையில் என்று பொருள்: இன்டர்நேஷனல், இன்டர்வல், இன்டர்வியூ. ‘இன்ட்ரா’ உள்ளுக்குள்ளே என்று பொருள் தரும். சிரைக்குள் ஏற்றுவது இன்ட்ராவீனஸ். செவிலியர் பயிற்சியில் இருப்பவர்கள் இன்டரையும் இன்ட்ராவையும் குழப்பிக்கொள்ளவே கூடாது. ‘இன்ஃப்ரா’ கீழே என்று பொருள், அதனால்தான் அடிக்கட்டமைப்பு இன்ஃப்ராஸ்ட்ரக்சர். இன்டெலிஜென்ட் என்ற சொல்லிலும் இருப்பது இன்டர்தான். அடுத்த லகரம் அதன் ரகரத்தை விழுங்கி ‘இன்டெல்’ ஆக்கிவிட்டது. பலவற்றுக்கு நடுவே தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர் என்பது அதன் அடிப்பொருள்.

அடுத்தது ஆங்கிலத்தின் சொந்த ‘இன்’. இன்கம், இன்புட், இன்சைட், இன்டோர், இன்பாக்ஸ். இங்கே எஞ்சுவது கம், புட், சைட், டோர் போன்ற எளிய வீட்டுச் சொல்லாக இருக்கும். இவற்றில் பொருள் எப்போதும் ‘உள்ளே’தான், ஒருநாளும் ‘இல்லை’ ஆகாது.

கடைசியாக, எழுத்து மட்டும் தற்செயலாக ஒத்துப்போனவை. இன்ச் என்பது பன்னிரண்டில் ஒரு பங்கைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இண்டிகோ என்பது ‘இந்தியச் சாயம்’ என்ற கிரேக்கச் சொல். இன்சுலின், தீவு என்று பொருள்படும் ‘இன்சுலா’விலிருந்து வந்தது. கணையத்தில் தீவுத் தீவாகக் கிடக்கும் திசுக்களில் அது சுரப்பதால் அந்தப் பெயர். இமேஜ், இமிடேட் இரண்டிலும் முன்னொட்டே கிடையாது.

ஒரு சொல்லைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன், தேர்வில் அடிக்கடி வருகிறது. இன்டிஜினஸ் என்பதை ‘அசல் அல்லாதது’ என்று எழுதுகிறார்கள். அதன் தொடக்கம் ‘இன்டு’, உள்ளே என்ற பொருள் தரும் பழைய லத்தீன் வடிவம். ‘ஜென்’ என்றால் பிறப்பு. அந்த மண்ணிலேயே பிறந்தது என்பதே பொருள்.

4. எஞ்சியது எந்த வகைச் சொல் என்று பாருங்கள்

ஒதுக்கியது போக மிஞ்சியவற்றில் இரண்டு ‘இன்’கள் உண்டு. உருவம் ஒன்று, பிறப்பு வேறு.

ஒன்று ‘உள்ளே, மேலே, நோக்கி’ என்று பொருள் தருவது. மற்றது ‘இல்லை’ என்பது. இந்த இரண்டாவது, வடமொழி வழியாக நாம் பயன்படுத்தும் அ, அந் ஆகியவற்றுக்கும் ஆங்கில ‘அன்’னுக்கும் உடன்பிறப்பு. அநீதி, அசுத்தம், அநாவசியம் என்று நாம் அன்றாடம் சொல்லும் சொற்களின் முதலெழுத்து என்ன வேலை செய்கிறதோ, அதையே இதுவும் செய்கிறது. அநீதியும் இன்ஜஸ்டிஸும் ஒரே அச்சில் வார்த்தவை.

இரண்டையும் பிரிக்கும் கேள்வி: முன்னொட்டை வெட்டியபின் எஞ்சுவது அட்ஜெக்டிவா, வெர்பா?

அட்ஜெக்டிவ் என்றால், அதாவது ஒரு பொருளின் தன்மையைச் சொல்லும் சொல் என்றால், அங்கே இருப்பது ‘இல்லை’. கரெக்ட், விசிபிள், ஆக்டிவ், லீகல், மெச்சூர், ரெகுலர். சரியான, தெரிகிற, சுறுசுறுப்பான என்று எல்லாமே தன்மைகள். தன்மையைத்தான் மறுக்க முடியும்.

எஞ்சுவது ஒரு செயல் என்றால் அங்கே ‘உள்ளே’. இன்ஜெக்ட் என்பதில் ஜெக்ட் என்றால் எறிதல். இன்ஸ்பெக்ட் என்பதில் ஸ்பெக்ட் என்றால் பார்த்தல். இம்போர்ட் என்பதில் போர்ட் என்றால் சுமந்து செல்லுதல். இன்ஹேல் என்பதில் ஹேல் என்றால் மூச்சுவிடுதல். செயலுக்குத் திசை வேண்டும், அந்தத் திசையை முன்னொட்டு தருகிறது.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இதில் ஒரு தனித் தடை இருப்பதைக் கவனித்திருக்கிறேன். தமிழில் மறுப்பு சொல்லின் பின்பகுதியில் வரும். அழி என்பது அழியாத ஆகும், வா என்பது வராத ஆகும். நம் கண் மறுப்பைத் தேடி இயல்பாகவே வலப்பக்கம் போகும். ஆங்கிலத்தில் அது இடப்பக்கம் நிற்பதால், அங்கே ஏதாவது தென்பட்டாலே ‘இதுதான் மறுப்பு’ என்று பிடித்துக்கொள்கிறோம். மூன்றாவது பத்தியை நிரப்பாமல் நான்காவதுக்குப் போகக் கூடாது என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

5. எது முதலில் ஒட்டியது என்று கண்டுபிடியுங்கள்

இந்த ஒரு படிக்கு ஒரு மாலை முழுவதும் ஒதுக்கலாம். முந்தைய படியோடு நின்றுவிட்டவர்கள் இங்கேதான் விழுகிறார்கள்.

இன்ஃப்ளேமபிள் என்பதில் ‘இன்’னை வெட்டினால் எஞ்சுவது ஃப்ளேமபிள். அது அட்ஜெக்டிவ். முந்தைய விதிப்படி ‘இல்லை’ என்றல்லவா வர வேண்டும்? வராது, ஏனென்றால் அந்தச் சொல் அந்த வரிசையில் கட்டப்படவில்லை. முதலில் இன் வந்து ஃப்ளேமோடு ஒட்டி இன்ஃப்ளேம் என்ற வெர்ப் ஆனது. தீ மூட்டு என்று பொருள். அதற்குப் பிறகுதான் ‘ஏபிள்’ வந்து வாலில் ஒட்டியது. தீ மூட்டத்தக்கது.

இன்வேல்யுவபிள் வேறு மாதிரி. முதலில் வேல்யுவும் ஏபிளும் சேர்ந்து, மதிப்பிடத்தக்கது என்று ஆயின. பிறகு இன் வந்து மறுத்தது. மதிப்பிட முடியாதது, அதாவது விலைமதிப்பற்றது. ‘மதிப்பில்லாதது’ என்று எழுதுபவர்கள், நம் மொழியிலேயே விலைமதிப்பற்ற என்ற சொல் எப்படி உயர்வைக் குறிக்கிறது என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தால் போதும்.

வேங்கை என்ற சொல்லைப் பொதுமொழி என்று பள்ளியில் படித்திருப்போம். பிரிக்காமல் படித்தால் மரமோ புலியோ, வேம் கை என்று பிரித்தால் வேகின்ற கை. வெட்டும் இடம் மாறினால் பொருள் மாறும். இங்கும் அதே கதைதான்.

சோதனை எளிது. ஏபிள், இபிள் என்று முடியும் சொல் வந்தால் முதலில் வாலை மறைத்துக்கொள்ளுங்கள், விரலால் மூடினாலே போதும். எஞ்சியிருப்பது முன்னொட்டோடு சேர்த்து ஆங்கிலத்தில் புழங்கும் வெர்பா? இன்ஃப்ளேம் இருக்கிறது. இன்ஹாபிட் இருக்கிறது. இன்ஷூர் இருக்கிறது. இர்ரிடேட் இருக்கிறது. அப்படியானால் பொருள் ‘முடியும்’ பக்கம். இன்வேல்யூ என்று ஒரு வெர்ப் இல்லை, இன்கியூர் இல்லை. அப்படியானால் பொருள் ‘முடியாது’ பக்கம்.

இன்ஹாபிடபிள் என்ற சொல்லில்தான் மாணவர்கள் அதிகம் மதிப்பெண் இழக்கிறார்கள். ஒரு தீவைப் பற்றிய பத்தியைப் படிக்கக் கொடுத்திருந்தேன். நன்றாகப் படிக்கக்கூடிய பெண் ஒருத்தி, அந்தத் தீவு இன்ஹாபிடபிள் என்ற வரியை வைத்து ‘அங்கே யாரும் வாழ முடியாது’ என்று விடை எழுதினாள். அடுத்த வரியிலேயே மீனவர் குடியிருப்பைப் பற்றி வருகிறது, அதையும் அடிக்கோடிட்டிருந்தாள். முரண்பாடு கண்ணில் பட்டும், முன்னொட்டின் மேல் இருந்த நம்பிக்கை அவளைத் திருத்திக்கொள்ள விடவில்லை. ஹாபிடபிள், இன்ஹாபிடபிள் இரண்டுக்குமே வாழத்தக்கது என்றுதான் பொருள். பிரெஞ்சில் இதே எழுத்துகளில் எழுதும் சொல்லுக்கு வாழ முடியாதது என்று பொருள், ஆங்கிலத்தில் அப்படியில்லை.

இத்தகைய சொற்களை மறுக்க வேண்டுமானால் ஆங்கிலம் வெளியிலிருந்து இன்னொரு முன்னொட்டைக் கொண்டுவரும்: அன்இன்ஹாபிடபிள், அன்இன்ஷூரபிள், நான்-ஃப்ளேமபிள். ஒரு சொல் ‘அன்இன்’ என்று தொடங்கினால் உள்ளே இருக்கும் இன் மறுப்பு இல்லை என்பதற்கு அதுவே நல்ல தடயம்.

இன்ஃப்ளேமபிள் என்ற சொல் படிப்பவரை ஏமாற்றி உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், பாதுகாப்பு லேபிள்களில் இப்போது பெரும்பாலும் ஃப்ளேமபிள் என்றே எழுதுகிறார்கள். நீங்கள் எழுதும் இடத்திலும் அதையே எழுதுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. இம்ப்ரெக்னபிள் என்றால் எதிரியால் பிடிக்க முடியாத கோட்டை. இம்ப்ரெக்னேட் என்று ஒரு வெர்ப் இருந்தாலும் அதற்கும் இதற்கும் உறவில்லை. இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

6. ‘உள்ளே’ சொற்களின் வேரை ஓர் அசைவாகப் படியுங்கள்

வேரின் பொருளை வெறும் சொல்லாக எழுதினால் மறுநாளே மறந்துவிடும். கையால் செய்யும் அசைவாக நினைத்துக்கொள்ளுங்கள். லத்தீன் வேர்களில் பெரும்பாலானவை எறி, மூடு, மடி, அழுத்து, சும என்ற உடல்வேலைகள்தான்.

மடிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ப்ளிக்’ என்ற வேருக்கு மடித்தல் என்று பொருள். ஒரு காகிதத்தில் ஏதாவது எழுதி, எழுத்து உள்ளே போகும்படி மடியுங்கள். அதுதான் இம்ப்ளிசிட்: சொல்லாமல் மடிப்புக்குள் வைத்தது. பிரித்துக் காட்டினால் எக்ஸ்ப்ளிசிட். இம்ப்ளை என்பதும் அதே மடிப்பு. ஒருவரை ஒரு குற்றத்தின் மடிப்புக்குள் சேர்த்துவிடுவது இம்ப்ளிகேட். எம்ப்ளாய் என்பதும் இதே வேர்தான், பிரெஞ்சு வழியாக வந்ததால் முகம் மாறிவிட்டது.

வேர் மனதில் நிற்க, அதையே எதிர்த்திசை முன்னொட்டோடு சேர்த்து எழுதுங்கள். இம்போர்ட், எக்ஸ்போர்ட். இன்ஹேல், எக்ஸ்ஹேல். இன்க்ளூட், எக்ஸ்க்ளூட். இம்மிக்ரேட், எமிக்ரேட். ஒன்றை மறந்தாலும் மற்றது இழுத்துவரும். மறுப்பு ‘இன்’னுக்கு இந்த ஜோடி அமையாது என்பதால் இதுவே இன்னொரு சோதனையாகவும் ஆகிறது.

பிரெஞ்சு வழியாக வந்தவற்றில் இன் என்பது என், எம் என்று மாறியிருக்கும். என்க்ளோஸ், எம்ப்ரேஸ், என்ட்யூர். எஞ்சின் என்ற சொல்லும் இந்த வழியில் வந்ததுதான். உள்ளேயே பிறந்த திறமை என்று பொருள்படும் ‘இன்ஜீனியம்’ என்ற லத்தீன் சொல் அதன் மூலம். எஞ்சினியரின் பெயருக்குள் இருப்பதும் அந்த உள்ளார்ந்த திறமைதான்.

7. வேர் தனியாக நிற்காத மறுப்புச் சொற்கள்

இங்கே நான்காம் படியின் கேள்வி நேராக வேலை செய்யாது, ஏனென்றால் முன்னொட்டை வெட்டினால் எஞ்சுவது ஆங்கிலச் சொல்லாகவே இருக்காது. அகராதியின் சொல் வரலாற்றுப் பகுதி இதற்குத்தான். எண்ணிக்கை குறைவு, ஆனால் அடிக்கடி வருபவை.

இன்னொசென்ட்: ‘நோசென்ட்’ என்றால் தீங்கு செய்கிற. தீங்கு செய்யாதவர். இன்ஃபன்ட்: ‘ஃபன்ட்’ என்பது பேசுகிற. இன்னும் பேச்சு வராத குழந்தை. இம்மென்ஸ்: அளக்க முடியாதது. இம்மீடியட்: நடுவில் எதுவும் இல்லாதது, அதனால் உடனே. இன்டாக்ட்: கை படாதது. இண்டிவிஜுவல்: மேற்கொண்டு பிரிக்க முடியாதது. எனிமி: ‘அமிகஸ்’ என்றால் நண்பன், நண்பன் அல்லாதவன். இன்ஜூரி: ‘யூஸ்’ என்றால் நீதி, உரிமை. முறையற்ற செயல் என்பதில் தொடங்கி அதனால் வரும் காயத்தில் வந்து நின்றது.

இம்யூன் என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்தது. ‘மூனஸ்’ என்றால் ஊருக்குச் செய்ய வேண்டிய கடமை. ரோமில் வரியிலிருந்தும் பொதுக்கடமையிலிருந்தும் விலக்குப் பெற்றவரை இம்யூனிஸ் என்றார்கள். நோயிலிருந்து விலக்குப் பெற்றவருக்கு அந்தப் பெயர் பிற்பாடு வந்தது. தூதரக அதிகாரிகளுக்கு உள்ள சட்டவிலக்கையும் உடலின் நோயெதிர்ப்பையும் ஆங்கிலம் ஏன் ஒரே சொல்லால், இம்யூனிட்டி என்று அழைக்கிறது என்பது இப்போது புரியும்.

8. அன் எங்கே, இன் எங்கே

படித்துப் புரிந்துகொள்வது ஒரு பாதி, எழுதும்போது சரியானதைப் போடுவது மறு பாதி. இரண்டும் ‘இல்லை’ என்ற பொருளே தருவதால் குழப்பம் வருகிறது.

சொல்லின் வாலைப் பாருங்கள். ‘எட்’, ‘இங்’ என்று முடிந்தால் பெரும்பாலும் அன்: அன்டிசைடட், அன்டைஜெஸ்டட், அன்இன்ட்ரஸ்டிங். ஓட்டல் பலகையில் உள்ள அன்லிமிடெட் மீல்ஸ் இதற்கு நல்ல நினைவுக்குறி. காரணம், இந்த வால்கள் ஆங்கிலத்தின் சொந்த வால்கள், சொந்த முன்னொட்டான அன்னோடு இயல்பாகப் பொருந்துகின்றன.

‘இட்டி’, ‘ஷன்’, ‘இஸ்’ போன்ற லத்தீன் வால் வந்தால் பெரும்பாலும் இன். அன்ஸ்டேபிள், ஆனால் இன்ஸ்டபிலிட்டி. அனேபிள், ஆனால் இனபிலிட்டி. அன்ஈக்வல், ஆனால் இன்ஈக்வாலிட்டி. அன்ஜஸ்ட், ஆனால் இன்ஜஸ்டிஸ். அன்டைஜெஸ்டட், ஆனால் இன்டைஜெஸ்ஷன். இந்த ஐந்து ஜோடியையும் சத்தமாக ஒரு வாரம் சொல்லுங்கள், பிறகு தவறாக எழுதினால் காதுக்கே உறுத்தும்.

9. ஒற்றை எழுத்தா, இரட்டை எழுத்தா

இரண்டாம் படியை ஒழுங்காகச் செய்தவருக்கு இது பத்து நிமிட வேலை. முன்னொட்டின் கடைசி எழுத்தும் வேரின் முதல் எழுத்தும் ஒன்றானால் இரட்டை. வேர் உயிரெழுத்தில் தொடங்கினால் ஒற்றை.

இன்னொவேட்: வேர் ‘நோவ்’, புதிது. அதனால் இரண்டு என். இனாகுலேட்: வேர் ‘ஆகுலஸ்’, கண். அதனால் ஒரே என். படித்தவர்களும் இரண்டு என் போட்டுவிடுகிற சொல் இது. ஒரு மரத்தில் இன்னொரு மரத்தின் மொட்டுக்கண்ணைப் பதித்து ஒட்டுவதைத்தான் முதலில் அப்படிச் சொன்னார்கள். உடலுக்குள் நோய்க்கூறைச் செலுத்தித் தடுப்பாற்றல் உண்டாக்குவதற்கு அந்தச் சொல் பிறகு போனது. கண்ணை நினைத்துக்கொண்டால் இரண்டாவது என் வராது.

இம்மீடியட், இம்மென்ஸ், இம்யூன் மூன்றிலும் எம் இரண்டு. இம்யூன் என்று ஒலிப்பில் ஒற்றையாகக் கேட்பதால் காதை நம்பாதீர்கள், ‘மூனஸ்’ என்ற வேரை நம்புங்கள். இமிடேட் என்பதில் முன்னொட்டு இல்லை, அதனால் எம் ஒன்றே.

10. பிரித்தாலும் பொருள் விலகி நிற்கும் சொற்கள்

சில சொற்களைச் சரியாகப் பிரித்தாலும் இன்றைய பொருள் நேராகக் கிடைக்காது. இன்டிஃபரன்ட் என்பது ‘வேறுபாடு இல்லாத’ அல்ல. இதுவா அதுவா என்று வேறுபடுத்திப் பார்க்கும் அக்கறை இல்லாத, அதாவது கண்டுகொள்ளாத. இன்ஃபேமஸ் என்பது ‘புகழ் இல்லாத’ அல்ல, கெட்ட பெயரெடுத்த. ‘மிகவும் புகழ்பெற்ற’ என்று நினைத்துத் தன் ஊர்க் கோயிலைப் பற்றிய கட்டுரையில் இந்தச் சொல்லை எழுதிய மாணவரின் தாளை நானே திருத்தியிருக்கிறேன். இம்பெர்டினென்ட் என்பது ‘சம்பந்தமில்லாத’ என்பதிலிருந்து ‘மரியாதை கெட்ட’ என்பதற்கு வந்துவிட்டது.

இவற்றை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வாக்கியமும் எழுதுங்கள். தனிச்சொல்லாகப் படித்தால் பழைய பொருளுக்கே மனம் திரும்பிப் போகும்.

11. மூன்று சொற்களில் ஒத்திகை

இன்டெலிபிள். அடுத்த எழுத்து டி, அதனால் இன் மாறவில்லை. இன்டர் அல்ல. வாலை மூடினால் எஞ்சுவதில் வெர்ப் எதுவும் இல்லை, எனவே மறுப்பு. வேர், கம்ப்யூட்டரில் தினமும் அழுத்தும் டெலீட்தான். பொருள், அழியாத. 1962 பொதுத்தேர்தலிலிருந்து நம் விரலில் வைக்கும், மைசூரின் மைசூர் பெயின்ட்ஸ் அண்ட் வார்னிஷ் நிறுவனம் தயாரிக்கும் தேர்தல் மைக்கு இந்தப் பெயர். அழியா மை என்று நாம் சொல்லும்போது ‘அழியா’வின் கடைசியில் உள்ள ‘ஆ’ செய்யும் வேலையை அங்கே இன் செய்கிறது.

இர்ரிகபிள். அடுத்த எழுத்து ஆர், அதனால் இன் இர் ஆனது. வாலை மூடினால் இர்ரிகேட் என்ற வெர்ப் இருக்கிறது, நீர் பாய்ச்சு. எனவே பொருள், பாசனம் செய்யத்தக்க நிலம். இர்ரெகுலரைப் பார்த்த கண்ணோடு இதையும் மறுப்பு என்று படித்தால், பாசன நிலத்தை வறண்ட நிலமாக்கிவிடுவோம்.

இம்யூட்டபிள். எம் வந்ததால் இம், எழுத்தில் எம் இரண்டு. இம்யூட் என்று வெர்ப் இல்லை, எனவே மறுப்பு. வேர் ‘மூட்’, மாறுதல், மியூட்டேஷனில் இருப்பது. மாற்ற முடியாதது. பைத்தான் என்ற கம்ப்யூட்டர் நிரல்மொழி படிப்பவர்களுக்கு ஸ்ட்ரிங்கும் டியூப்பிளும் ஏன் அப்படி அழைக்கப்படுகின்றன என்று தனியாக விளக்க வேண்டியிருக்காது.

அடுத்த ஆறையும் நீங்களே நான்கு பத்தியில் எழுதுங்கள்: இன்கியூரபிள், இன்ஹேலபிள், இல்லூமினேட், இர்ரிவோகபிள், இன்ஷூரபிள், இன்னேட். மூன்றாவது பத்தி நிரம்பும்வரை நான்காவதை ஒரு காகிதத்தால் மூடி வையுங்கள். இன்னேட் என்பதில் என் ஏன் இரண்டு என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். வேர் ‘நேட்’, பிறந்த என்று பொருள்.